மல்லாந்தே சாகவேண்டுமா?

சாஸ்திரம் என்பது புரோகிதனிடத்தில் மாத்திரம்தான் இருக்கிறது என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். காரணம் கேட்காமல், "எப்போதும் இப்படித்தான்" என்பதற்காகவே செய்யப்படுகிற காரியம் எதுவானாலும், அதைக் கோயிலில் செய்தாலும் ஆஸ்பத்திரியில் செய்தாலும், அதற்குப் பெயர் சாஸ்திரம்தான். நோயாளி மல்லாந்துதான் கிடக்கவேண்டும் என்பதும் அப்படிப்பட்ட ஒரு சாஸ்திரமேயாகும்.

நியூமோனியா முதலிய காரணங்களால் இரண்டு நுரையீரலும் நீர் கோத்து வீங்கி, தானாக மூச்சுவிட முடியாமல், வெண்டிலேட்டர் இயந்திரத்தில் போடப்படுகிறவர்களைப் பற்றியே சொல்லுகிறோம். அந்த நுரையீரல் நனைந்த பஞ்சுமூட்டை போன்றது. மல்லாந்து கிடந்தால் அதன் சொந்தக் கனமும், இருதயத்தின் கனமும், வயிற்றின் நெருக்கடியும் சேர்ந்து முதுகுப் பக்கத்தை நசுக்கி விடுகின்றன. நுரையீரலில் பெரும்பாகம் இருப்பதோ அந்த முதுகுப் பக்கத்தில். அங்கே இரத்தம் ஓடுகிறது, காற்று போவதில்லை. இயந்திரம் தள்ளுகிற காற்றெல்லாம் முன்பக்கத்தில் மிஞ்சியிருக்கும் சிறு பாகத்தில் புகுந்து, அதையும் அளவுக்கு மேல் ஊதிக் கெடுக்கிறது. ஆளைக் குப்புறப் போட்டால் நசுங்கிக் கிடந்த பாகம் திறக்கிறது. காற்று ஏறக்குறைய சமமாகப் பரவுகிறது. இதில் மந்திரம் ஏது, மாயம் ஏது?

இது நேற்று முளைத்த யோசனையுமல்ல. 1970-களிலேயே குப்புறப் போட்டுப் பார்த்து, இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறுவதை எழுதி வைத்தார்கள். ஆக்ஸிஜன் ஏறினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2001-ல் இத்தாலியரான காட்டினோனியும் அவரது கூட்டத்தாரும் 304 பேரை வைத்துப் பரீட்சித்ததில் ஆக்ஸிஜன் ஏறிற்று; சாவு குறையவில்லை. தினம் சுமார் 7 மணி நேரமே குப்புறப் போட்டிருந்தார்கள். நோய் அவ்வளவு கடுமையில்லாதவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். கண்ணுக்கு நன்றாய்த் தெரிகிறது, ஆகையால் பலித்துவிட்டது என்று இருந்துவிடாமல், பிணத்தை எண்ணிச் சொன்ன அந்த நாணயத்தை நாம் மெச்சுகிறோம். விபூதி போட்டு ஜுரம் இறக்குகிற கூட்டத்தார் என்றைக்காவது இப்படி எண்ணிக் காட்டியதுண்டா?

பிறகு 2013-ல் பிரெஞ்சுக்காரரான கெரேன் என்பவரின் கூட்டம், பிரான்சில் 26-ம் ஸ்பெயினில் ஒன்றுமாக 27 தீவிர சிகிச்சை வார்டுகளில், நோய் கடுமையானவர்களாகவே பார்த்து 466 பேரைக் கொண்டு செய்த பரீட்சையை வெளியிட்டது. சீட்டுக் குலுக்கியதுபோல் அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவாரைத் தடவைக்கு 16 மணி நேரத்துக்குக் குறையாமல் குப்புறப் போட்டார்கள். 28 நாளில், மல்லாந்து கிடந்த 229 பேரில் 75 பேர் செத்தார்கள். குப்புறக் கிடந்த 237 பேரில் செத்தவர்கள் 38 பேர். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி! புது மருந்தில்லை, புது இயந்திரமில்லை. புரட்டிப் போட நாலைந்து பேர், அவர்களில் குழாய் கழன்றுவிடாமல் தலைமாட்டில் ஒருவர், அவ்வளவுதான். முகத்திலும் மார்பிலும் அழுத்தப் புண் வரக்கூடும் என்பது மெய். புண்ணுக்கு மருந்துண்டு, சாவுக்கு?

இதற்கப்புறமாவது உலகம் புரண்டதா? அடுத்த வருஷமாகிய 2014-ல் 50 தேசங்களில் கணக்கெடுத்தார்கள். இந்நோய் கடுமையாக இருந்தவர்களில் குப்புறப் போடப்பட்டவர்கள் 100-க்கு 16 பேர்! புரட்டக்கூடாதவர்களும் உண்டு என்பது வாஸ்தவமே. முதுகெலும்பு முறிந்தவனைப் புரட்டச் சொல்ல நாம் பைத்தியமல்ல. ஆனால் ஆறில் ஐந்து பேருக்குமா முதுகெலும்பு முறிந்திருந்தது?

2020-ல் கொரோனா வந்து வார்டுகள் நிரம்பிய பிறகுதான் தேசத்துக்குத் தேசம் குப்புறப் போடுவது சாதாரணமாயிற்று. இடையில் போன ஏழு வருஷத்தில் மல்லாந்தபடியே போனவர்களுக்கு யார் ஜவாப்தாரி?

தோழர்களே! உங்கள் வீட்டார் ஒருவர் அப்படி இயந்திரத்தில் கிடக்க நேர்ந்தால், தாயத்துக் கட்ட அனுமதி கேட்டு வாசலில் நிற்காதீர்கள். "குப்புறப் போட்டீர்களா? எத்தனை மணி நேரம்? இல்லையென்றால் என்ன தடை?" என்று டாக்டரைக் கேளுங்கள். தடை இருந்தால் அவர் காரணம் சொல்லுவார். "இங்கே வழக்கமில்லை" என்பாரானால் மறுபடியும் கேளுங்கள்.