நோயுற்றோரே துணைவராதல்

மருத்துவமாவது நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திருந்து உதவுவோன் என்னும் நான்கு கூறுகளையுடையது என வகுத்தார் திருவள்ளுவர். இவற்றுள் நான்காங் கூற்றை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். எச்.ஐ.வி. என்னுங் கிருமியோடு வாழ்வார் திறத்தில் இம்மறதி பெருந்தீங்கு பயப்பதாம்.

இக்கிருமி நம் நாட்டில் இருத்தல் முதன்முதற் புலனாயது 1986-ஆம் ஆண்டில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன் அம்மையாரின் வழிகாட்டலில், அவர் மாணவியார் நிர்மலா திரட்டிய இரத்தம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கப்பட்டு இவ்வுண்மையை வெளிப்படுத்திற்று. அக்காலத்து இதற்குத் தக்க மருந்தில்லை. பின்னர் மருந்துகள் கண்டறியப்பட்டன. 2004 ஏப்ரல் முதல் அரசினர் அவற்றை இலவசமாக வழங்கி வருகின்றனர். நாடோறுந் தவறாது மருந்துண்டு, சோதனைக்கும் புலப்படாத அளவிற்குக் கிருமி குறைந்து, அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவின் வழியாகவும் அது பிறரைப் பற்றாது என்பது ஆராய்ச்சியால் நிறுவப்பட்டுள்ளது. உடனுண்ணலாலும், தொடுதலாலும், ஒரே விடுதியில் உறைதலாலும் அது பரவுவதேயில்லை.

இங்ஙனம் மருந்துண்டு; வைத்தியரும் உளர். எஞ்சிய தடை யாதெனின், நாணமும் அச்சமுமேயாம். சோதனைக்குச் செல்லக் கூசுவாரும், மருந்தை வீட்டாரறியாமல் ஒளித்து வேளை தவறுவாரும் உளர். இன்னோர்க்கு வைத்தியர் கூறும் அறிவுரை வேண்டுவதே. ஆயினும், "யானும் இம்மருந்தையே உண்டு தொழில் செய்து வாழ்கின்றேன்" என ஒருவர் தம்மையே சான்றாக்கிக் கூறுஞ் சொல்லுக்குள்ள ஆற்றல் வேறு. ஈண்டு முதற் கூறாகிய நோயாளியே நான்காங் கூறாகிய துணைவனும் ஆகின்றான். 1997-இல் இத்தகையோர் சென்னையில் ஒன்றுகூடித் தமக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். 1998-இல் பெண்டிர் தனியே ஒன்று கண்டனர்.

அச்சுறுத்தியே இந்நோயைத் தடுத்தல் வேண்டும் என்பார் சிலர். அச்சம் கிருமியை ஓட்டுவதில்லை; மனிதனையே சோதனைச் சாலையினின்றும் ஓட்டுகின்றது. தன் நிலையை அறியாதவன் மருந்துண்ணான். மருந்துண்ணாதவனிடத்தே கிருமி பெருகும். ஆகலின் அச்சுறுத்தல் தடுக்க வந்ததையே வளர்ப்பதாய் முடிகின்றது.

கல்லூரிகள் செய்யத்தக்கது யாது? ஆண்டுதோறும் டிசம்பர் முதல் நாளிற் செந்நாடாவை மார்பில் அணிந்து ஊர்வலஞ் செல்லுதல் நன்றே. அதனோடு அமைதல் போதாது. இந்நோயோடு வாழ்வாருள் மனமுவந்து முன்வருவோரை ஆசிரியராக அழைத்து, பிற அறிஞர்க்கு அளிக்கும் மதிப்பையும் ஊதியத்தையும் அவர்க்கும் அளித்து, அவர் வாயிலாக மாணவர் கற்றல் வேண்டும். இரக்கத்திற்குரிய காட்சிப் பொருளாக அவரை மேடையேற்றுதல் தகாது. தம் நிலையை வெளியிடுமாறு எவரையும் வற்புறுத்தலும் ஆகாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் மறைபொருளைக் காப்பதோடு, கல்வியிலும் வேலையிலும் வேற்றுமை காட்டுதலையும் விலக்குகின்றது.

நண்பர்களே! நம் வகுப்பில் நம்மருகே அமர்ந்திருப்பார் ஒருவர் இக்கிருமியோடு வாழ்பவராயிருத்தல் கூடும். அதனை நாம் அறியவேண்டுவதில்லை. நாம் விளையாட்டாக உரைக்கும் ஒரு பழிச்சொல் அவரை மருந்தினின்றும் அகற்றவும் வல்லது. நாம் தெளிந்துரைக்கும் ஒரு சொல் அவரை மருந்தில் நிலைநிறுத்தவும் வல்லது. அந்நான்காங் கூற்றில் நமக்கும் பங்குண்டு என்பதை உணர்ந்து ஒழுகுவோமாக.