துணிக்கூரையைத் துவைக்காதீர்கள்!

பழைய கார் வைத்திருப்பவர்கள் பெயிண்டுக்குக் காட்டும் மரியாதையைத் துணிக்கூரைக்குக் காட்டுவதில்லை. பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தால் தூக்கம் போய்விடும். கூரைக்கோ சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர், பிரஷர் வாஷர்... கையில் கிடைத்ததெல்லாம்!

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கேப்ரியோலேவை எடுத்துக்கொள்ளுங்கள். 1949 முதல் 1980 வரை ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் கார்மன் நிறுவனம் தயாரித்த வண்டி. அதன் கூரை ஒற்றைத் துணியல்ல. மேலுறை, நடுவே திணிப்பு, உள்ளே இன்னொரு துணி என்று மெத்தை மாதிரி இருக்கும். மெத்தையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் என்ன ஆகும்? அதேதான். உள்ளே போன ஈரம் லேசில் வெளியே வராது. பிளீச்சிங்கோ தையல் நூலை அரித்துவிடும். துணி நன்றாக இருக்கும், தையல் பிரியும்!

சரியான வழி ரொம்பச் சாதாரணம். முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்ட வேண்டும். பிறகு நிழலில் நிறுத்தி, மிதமான சோப்புத் தண்ணீரால் நெசவு போகும் திசையிலேயே தேய்த்து, நுரை போகும்வரை அலச வேண்டும். முழுசாகக் காயும்வரை மடிக்கவே கூடாது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தபின், துணிக்கூரைக்கென்றே விற்கும் நீர்விலக்கித் திரவத்தை அடிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்குத் திருப்தி வராது. "இன்னும் வெளுப்பா இருக்கே" என்று மறுபடி தேய்க்கிறார்கள். வெளுப்பு அழுக்கல்ல, வெயில் தின்ற சாயம். தேய்த்தால் சாயம் திரும்பாது, துணிதான் தேயும். கணக்குப் பார்த்தாலும், புதுக்கூரை போடும் செலவு எங்கே, ஒரு வாளி சோப்புத் தண்ணீர் எங்கே?

50 வயது வண்டிக்குக் கொஞ்சம் நரை இருந்தால்தான் என்ன?