ஊர் உங்களுடையது, வீதி உங்களுடையதல்ல

வெளிநாட்டில் வாகனம் ஓட்டுவது பற்றி எழுதப் போகிறேன், இடம் காங்கேசன்துறை என்றால் எம்மவர் கோபிப்பார்கள். பிறந்த ஊர், சீமெந்துத் தொழிற்சாலையின் சங்கொலி கேட்டு வளர்ந்த ஊர், 1990 ஜூனில் உடுத்த துணியோடு விட்டோடிய ஊர் வெளிநாடா? அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் கனடியக் கடவுச்சீட்டோடு வந்திறங்கும் நானும் நீங்களும் அந்த வீதியில் வெளிநாட்டுச் சாரதிகளே.

சென்ற ஆவணியில் யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் கார் வாடகைக்கு எடுத்தேன். எத்தனை நாள் என்றார், முற்பணம் என்றார். சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்கவேயில்லை. "நீங்கள் எங்கடை ஆள்தானே ஐயா" என்றார். அந்த வசனத்தில் மயங்கிச் சாவியை வாங்கினேன்.

கீரிமலையிலிருந்து வந்து, மாவிட்டபுரத்தில் காங்கேசன்துறை வீதிக்கு வலப்பக்கம் திரும்பினேன். சமிக்ஞை விளக்கைப் போட்டேன். கண்ணாடி துடைப்பான் ஆடியது. பல வருட ரொறன்ரோப் பழக்கம் வண்டியை வலது ஓரத்துக்கே இழுத்துச் சென்றது. எதிரே, தன் சரியான பக்கத்தில், பாடசாலைச் சீருடையில் ஒரு பிள்ளை சைக்கிளில் வந்தாள். சைக்கிளோடு வேலியோரம் விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். "பார்த்து வாங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். 'வாகன விபத்தில் மாணவி பலி' என்று எத்தனை தடவை இரண்டங்குலச் செய்தியாகத் தலைப்பிட்டிருப்பேன்! அன்று சாரதியின் பெயர் என் பெயராக இருந்திருக்கும்.

வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இலங்கையில் போதாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் இருந்தால் அதற்கு இலங்கையில் ஒப்புதல் பெறவேண்டும். இல்லையேல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதி வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கொரு கருமபீடம் திறந்தார்கள். நல்ல காரியம். பலாலிக்கு 2019 முதல் வெளிநாட்டு விமானம் வருகிறது; காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்திலிருந்து 2023 ஒக்டோபரில் கப்பல் வந்தது. வடக்கின் சுற்றுலா பற்றி மேடைதோறும் முழங்குவோர் இந்த இரு வாசல்களையும் மறக்கலாகாது.

என்னிடம் இருந்தது கனடிய அட்டை மாத்திரம். அப்பிள்ளைக்கு ஏதும் நேர்ந்திருந்தால் காப்புறுதிக்காரர் கையை விரித்திருப்பார்கள். சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த காரை வாடகைக்கு விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அதை நான் விசாரித்தேனா? இல்லை. நாற்பது வருடம் ஊராரை விசாரித்தவன் நான்.

நண்பர்களே, 1990இல் மூடிய வசாவிளான் - பலாலி வீதியை 2025 ஏப்ரலில் திறந்தபோது, இராணுவம் மணிக்கு 40 கிலோமீற்றர் என்று கட்டுப்பாடு விதித்தது. அங்கே அடக்கமாக ஊர்ந்தவர்கள், நகரப் பகுதிக்குரிய 50ஐ மதியாமல் சுன்னாகத்தில் பறக்கிறார்கள். துவக்குக்குக் கொடுக்கும் மரியாதையைச் சைக்கிளில் வரும் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டீர்களா? நீண்ட விமானப் பயணம் முடித்து, அன்றிரவே நித்திரைக் கண்ணோடு ஏ9 வீதியில் ஏறும் வீரர்களை என்ன சொல்ல! வன்னியில் இரவு வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கு நீங்கள் எந்த நாட்டுப் பிரசை என்பது தெரியாது.

(அவசர அம்புலன்சுக்கு அழைக்கும் இலக்கமும் 1990தான். வலிகாமம் வடக்காருக்கு மனப்பாடம் செய்யத் தேவையில்லை.)

அன்று மாலையே காரைத் திருப்பிக் கொடுத்தேன். "இன்னும் நாலு நாள் இருக்கே ஐயா" என்றார். சாரதியோடு ஒரு வாகனம் கேட்டேன். வந்த இளைஞரிடம் முதலில் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.