கணக்கு முதலில், கணிப்பொறி பிறகு

"எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்ட காலத்தில் அனலாக் சுற்றுகளை எதற்காகக் கற்க வேண்டும்?" என்று நம் பொறியியல் மாணவருள் சிலர் கேட்கின்றனர். இதயம் ஒன்று, சுழி என்று துடிப்பதில்லை என்பதே அதற்கு விடை.

இ.சி.ஜி. கருவியை எடுத்துக்கொள்வோம். மார்பில் ஒட்டிய மின்முனைகளில் கிடைக்கும் துடிப்பு ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். அதைச் சூழ்ந்து நிற்பதோ சுவர்க் கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். அச்சிறு துடிப்பைப் பிரித்து, பெருக்கி, எண்ணாக மாற்றும் இடம்வரை கொண்டு சேர்ப்பது அனலாக் சுற்றே. அங்கே கெட்டதைப் பின்னர் எந்தக் கணிப்பொறியும் முழுமையாக மீட்டுத் தராது.

கற்கும் முறைதான் கவலை தருகிறது. 1973இல் பெர்க்லியில் உருவாகி வெளிவந்த 'ஸ்பைஸ்' நிரல் ஒரு பெருங்கொடை, மறுப்பார் யார்? ஆனால், படம் வரைந்து பொத்தானை அழுத்தி, வந்த கோட்டை ஒட்டிக் கொடுத்தாலே மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. பெருக்கம் ஏன் 200 என்று கேட்டால் விழிப்போர் பலர். டிரான்சிஸ்டரில் ஓடும் 1 மில்லிஆம்பியரை 25 மில்லிவோல்ட்டால் வகுத்தால் 0.04, அதை 5,000 ஓம் சுமையால் பெருக்கினால் 200. இவ்வளவுதான் கணக்கு!

கணிப்பொறி நாம் வரைந்ததற்கே விடை சொல்லும். வரைய மறந்ததற்குச் சொல்லாது. தாளில் 'கிரவுண்டு' ஒரே புள்ளி. பலகையிலோ அது செப்புப் பாதை. அதன் தடை 0.01 ஓம் என்று கொள்வோம். டிஜிட்டல் பகுதியின் 100 மில்லிஆம்பியர் அவ்வழியே திரும்பினால் 1 மில்லிவோல்ட் எழும். பெருக்கியின் உள்வாயிலும் அதே பாதையை நம்பியிருந்தால், நோயாளியின் துடிப்பு எது, கருவியின் துடிப்பு எது என்று மருத்துவர் எவ்வாறு அறிவார்?

2021 டிசம்பரில் நடுவண் அரசு சில்லுத் தொழிலுக்கென 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. ஆலைகள் பணத்தால் எழும். சுற்றை ஆராயும் அறிவு அவ்வாறு வாராது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கு முன் கையால் போட்ட கணக்கு ஒரு பக்கம், பின்பு கணிப்பொறி, இரண்டும் வேறுபட்டால் அதன் காரணம் மூன்று வரி. மதிப்பெண்ணில் பாதி அந்த மூன்று வரிக்கு இருக்கட்டும். அதுவரை நம் மன்றம் காத்திருக்க வேண்டுவதில்லை. வாரம் ஒரு மாலை, மூத்த மாணவர் இளையவருக்குத் தமிழிலேயே ஒரு சுற்றை விளக்கலாமே! பென்சிலும் தாளும் போதும்.