விழுந்தெழும் பொம்மை

மாரியம்மன் திருவிழாக் காலத்தில் லிந்துலைக் கடைவீதியிலே பிள்ளைகளின் கண்ணைப் பறிப்பவை பிளாஸ்டிக் பொம்மைகளே. தள்ளினால் சாய்ந்து தானே நிமிரும் பொம்மையும் அவற்றினிடையே சில வேளைகளில் தென்படுவதுண்டு. அதற்குப் பழைய உறவினர் இருவர் உளர். ஒருவர் தஞ்சாவூரில், மற்றவர் யப்பானில்.

தஞ்சாவூர்ப் பொம்மையின் அடிப்பாகம் அரைக்கோள வடிவான களிமண். மேற்பாகமோ கடதாசியைப் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டிய வெறுங்கூடு. பூச்சி அரியாதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பர். காய்ந்தபின் தேய்த்து, வெள்ளை பூசி, வர்ணந் தீட்டினால் இராசாவும் இராணியும் பிறந்துவிடுவர். பாரம் முழுவதும் அடியில் இருத்தலால், பொம்மை சாயும்போது அதன் புவியீர்ப்பு மையம் சற்றே மேலெழுகின்றது. அது மீண்டும் தாழ்நிலையை நாடுவதே நிமிர்வதன் இரகசியம். இதைக் காட்டிப் பிள்ளைகளுக்கு விடாமுயற்சி பற்றி உபதேசிப்போர் பலர். நமக்கு அதில் விருப்பமில்லை, விளையாடட்டும்.

யப்பானியப் பொம்மையின் பெயர் தருமா. காஞ்சியிலிருந்து சீனம் சென்றவரென மரபு கூறும் போதிதருமரே அவர்! தக்கசாக்கி நகரம் இதற்குப் பெயர்போனது. மர அச்சின்மேல் கடதாசி ஒட்டி, உலர்ந்தபின் பிளந்து அச்சை நீக்கி, மீண்டும் பொருத்தி, அடியில் பாரமிட்டுச் செந்நிறம் பூசுவது பழைய முறை. கண்களை மட்டும் எழுதாது விடுவர். வாங்குபவர் ஒரு வேண்டுதலை நினைத்து ஒரு கண்ணை எழுதுவார். அது நிறைவேறியதும் மறு கண்ணையும் எழுதுவார். பின்னர் பழைய பொம்மையைக் கோயிலிற் கொடுத்து எரிக்கச் செய்து, புத்தாண்டிற் புதியதொன்று வாங்குவர்.

எரிப்பதா என்று பிள்ளைகள் வருந்தக்கூடும். ஆனால் கைவினைஞருக்கு ஆண்டுதோறும் வேலை கிடைப்பது அதனாலன்றோ? நாமோ தஞ்சைப் பொம்மையைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகின்றோம். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்குவதரிது. 2008-09இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும், வாங்குவோரைக் கொண்டுவராது.

லயத்துப் பிள்ளைகளும் இதனைச் செய்து பார்க்கலாம். முட்டையின் கூரிய முனையில் துளையிட்டு, உள்ளிருப்பதை அகற்றிக் கழுவி உலர்த்துக. சிறிது மணலிட்டு, பெரியோர் துணையுடன் உருக்கிய மெழுகை வார்த்து, இறுகும்வரை நேராகப் பிடித்திருக்க வேண்டும். துளையைக் கடதாசியால் மூடி முகம் எழுதலாம். எழுதுமுன் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். மணலும் மெழுகும் பாதிக்குமேல் நிறைந்துவிட்டால் பொம்மை சோம்பிக் கிடக்கும். அடியில் மட்டும் நின்றால் துள்ளி எழும்.