எட்டு நாளில் என்ன ஊழியம்?

யாழ்ப்பாணம் போய்விட்டு வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "எட்டு நாளில் அங்கே போய் என்னத்தைச் செய்தீங்க? டிக்கெட் பணத்தை அப்படியே அனுப்பியிருந்தா நாலு குடும்பம் பிழைச்சிருக்குமே!"

நியாயமான கேள்விதான், சகோதரிகளே. இப்போது பல சபைகளில் வெளிநாட்டுச் சபைகளைப் பார்க்கப் போய் வருகிறார்கள். இனிமேல் போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இந்த முறை இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் வெளிநாடு என்று பேர்தானே ஒழிய, 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோதே அதுவும் நம்மோடு ஒரு பேராயமாகச் சேர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் 2019-ல் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி பறக்க ஆரம்பித்தது. ஒன்றரை மணிக்குள் இறங்கிவிடலாம். புழலிலிருந்து தாம்பரம் போகவே சில நாள் அதைவிட அதிக நேரம் ஆகிறது!

எங்கள் பெண்கள் ஐக்கியத்திலிருந்து எட்டுப் பேர் போனோம். சர்க்கரை நோய் பற்றி எடுத்துச் சொல்லப் பெரிய பெரிய படங்கள் வரைந்து எடுத்துப் போயிருந்தோம். முதல் கூட்டத்திலேயே ஒரு அம்மா எழுந்து, "சீனி வருத்தத்தைப் பற்றி ஆஸ்பத்திரியிலே எங்களுக்குச் சொல்லித் தருகினம். நித்திரை வராததுக்கு என்ன செய்யிறது? அதைச் சொல்லுங்கோ" என்றார். 2009-ல் யுத்தம் முடிந்தது. ஆனால் பிள்ளையையும் புருஷனையும் பறிகொடுத்தவர்களுக்கு ராத்திரி இன்னும் முடியவில்லை. படங்களைச் சுருட்டி வைத்துவிட்டு அவர்களோடு பாயில் உட்கார்ந்தோம். அவர்கள் பேசினார்கள், நாங்கள் கேட்டோம். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

மானிப்பாய்க்கும் கூட்டிப் போனார்கள். 1847-ல் அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் ஆஸ்பத்திரி நடத்திய ஊர் அது. நடுவில் சில வருஷம் சொந்த ஊருக்குப் போய் வந்தது போக, 1873 வரை யாழ்ப்பாணத்திலேயே இருந்தார். முதலில் நம் தமிழைக் கற்றுக்கொண்டார். பிறகு நம் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'பிரசவ வைத்தியம்' என்ற புத்தகத்தை 1857-லேயே தமிழில் கொண்டுவந்தார் என்றால் பாருங்களேன்! தமிழில் படித்தவர்கள் ஊரைவிட்டு ஓடாமல் அங்கேயே வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணம். 1884-ல் அமெரிக்காவில்தான் இறந்தார். ஆனாலும் தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்றே அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.

அத்தனை வருஷம் இருந்தவர் முன்னால் எட்டு நாள் எம்மாத்திரம்? இதை நினைத்துக்கொண்டே இருந்தபோதுதான் இன்னொன்று நடந்தது.

நாங்கள் தங்கிய வீட்டில் ஒரு மூதாட்டி, "நீங்கள் எந்த இடம் பிள்ளை?" என்று கேட்டார். புழல் என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. "புழலோ? காவாங்கரை முகாமுக்குக் கிட்டவோ? என்ரை தங்கச்சி அங்கைதான் இருக்கிறாள்" என்றார்.

நான் பஸ்ஸில் தினமும் தாண்டிப் போகிற இடம்! திரும்பும்போது ஒரு பொட்டலம் புழுக்கொடியலும், அவர் கையாலேயே வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்பினார். ஊருக்கு வந்த மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தங்கை தூளை முகர்ந்து பார்த்தார். "முத்தத்து மாமரம் நிக்குதோ?" என்று மட்டும் கேட்டார். நிற்கிறது என்றேன்.

இலங்கை அகதிகள் முகாம் என்ற பேரை 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பேர் மாறியது நல்லதுதான். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் பலருக்கு இன்னும் குடியுரிமை கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நான் போய் வந்த ஊருக்கு, அந்த ஊரில் பிறந்த அம்மாவால் நினைத்தபோது போய்வர முடியவில்லை. இதைப் பார்த்த பிறகு, பயணத்தின் பலனை அங்கே தேடுவதைவிட இங்கே தேடுவதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

போகிற சகோதரிகளுக்குச் சில யோசனைகள்:

என்ன தேவை என்று முன்கூட்டியே அவர்களைக் கடிதம் போட்டுக் கேளுங்கள். நாமே முடிவு செய்து மூட்டை கட்ட வேண்டாம்.

எட்டுப் பேருக்கு எட்டு நாள் இடியப்பமும் சொதியும் செய்து போடுவது லேசான வேலையில்லை. அடுப்படியில் கூடமாட நில்லுங்கள். மனசு விட்டுப் பேசுவதும் அங்கேதான்.

கேட்காமல் யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, படம் பிடிக்காதீர்கள்.

திரும்பி வந்ததும், அந்த ஊர்க்காரர்கள் நம் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

எங்கள் ஐக்கியத்தில் இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை காவாங்கரைக்குப் போகிறோம். முகாம் பெண்கள் என்ன வேண்டும் என்கிறார்களோ அதைச் செய்கிறோம். போன மாதம் பத்தாவது எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் கேட்டார்கள். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு பஸ் டிக்கெட் போதும்.