வாசலில் நிற்கும் வண்டி



சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், காரை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தனர். கோவிலுக்கு இரண்டு தெருக்களே. அவர்கள் திரும்பிச் சென்றபோது வாசல் வெறுமையாயிருந்தது. பின்கதவைத் திறந்து நுழைந்தவன் நகையையோ பணத்தையோ தேடவில்லை. முன்கதவருகே ஆணியில் தொங்கிய சாவியை மட்டும் எடுத்துச் சென்றிருந்தான்.

அதன்பின் நடந்ததே நமக்குப் பெரிதும் வருத்தம் தந்தது. உறவினர் ஒருவர் சொல்லைக் கேட்டு, மை போட்டுப் பார்ப்பவரிடம் அவர்கள் போயினர். வண்டி வடதிசை சென்றதாக அவர் கூறினாராம். தருமபுரியில் களவு போன வண்டி வடக்கே போயிருக்கும் என்று சொல்ல மையும் வேண்டுமோ! 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் மாவட்டத்தின் ஊடே செல்கிறது. இரவில் இரண்டு மணி நேரத்திற்குள் ஓசூரைக் கடந்து கர்நாடகத்தில் புகுந்துவிடலாம். மூன்றாம் நாள்தான் அவர்கள் காவல் நிலையத்தின் படியேறினர்.

2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டாக் வில்லை கண்ணாடியில் இருக்குமானால், திருடன் அதைக் கிழித்தெறியாதவரை, வண்டி சாவடியைக் கடக்கும்போது உரிமையாளரின் கைப்பேசிக்குச் செய்தி வரும். உடனே புகார் செய்தவருக்கு அது நல்ல தடயம். மூன்று நாள் கழித்துச் சென்றவருக்கு அதனால் என்ன பயன்? 112 என்னும் எண்ணை அந்த நள்ளிரவிலேயே அழைத்திருக்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறவும் உரிமை உண்டு.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நாம் ஆறுதல் கூறினோம். பத்திரத்தைப் பார்த்தபோது வாயடைத்துப் போனோம். சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க, மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே புதுப்பித்திருந்தனர். சட்டம் கட்டாயமாக்குவது அவ்வளவே என்பது உண்மைதான். ஆனால், அது நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கே ஈடு தரும். வண்டி களவு போனாலும், எவரேனும் கண்ணாடியை உடைத்தாலும் ஒரு காசும் தராது. அதற்கு முழுக் காப்பீடு வேண்டும். இல்லாத காருக்கு அக்குடும்பம் இன்னும் மாதத் தவணை கட்டி வருகிறது.

முழுக் காப்பீடு உள்ளவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இழப்பீடு கேட்கும்போது கம்பெனியார் இரண்டு சாவிகளையும் கேட்பர். சாவியை வண்டியிலேயே விட்டு வைத்ததாகத் தெரிந்தால் வழக்கு இழுபறியாகும். பஞ்சாபில் 2010 இல் ஒரு டிராக்டர் திருட்டுப் போயிற்று. உரிமையாளர் காவல்துறையிடம் உடனே புகார் செய்தார். கம்பெனிக்கோ 52 நாள் தாமதித்தே தெரிவித்தார். அதனைக் காட்டிக் கம்பெனி பணம் தர மறுத்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், புகார் உடனே பதியப்பட்டு, களவும் மெய்யென்று தெரிந்தபின், கம்பெனிக்குத் தெரிவிப்பதில் நேர்ந்த தாமதத்தை மட்டும் காரணமாக்கிப் பணத்தை மறுக்கலாகாது எனத் தீர்ப்பளித்தனர். அவரைக் காத்தது அந்த முதல் நாள் புகாரே. ஆயினும் பத்து ஆண்டுகள் அலைந்தார். நீங்கள் இரண்டு இடங்களுக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள்.

சாவியைக் கதவருகே தொங்கவிடாமல் உள்ளறையில் வையுங்கள். பொத்தானை அழுத்தித் திறக்கும் புதுவகைக் கார்களின் சாவி, வீட்டிற்குள் இருக்கும்போதே அதன் அலையைக் கருவியால் கவர்ந்து காரைத் திறக்கும் திருடர்கள் உண்டு. மூடியுள்ள தகர டப்பாவில் இட்டு வைத்தால் அலை வெளியேறாது. ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு, வெளியிலிருந்தே கண்ணில் படுவதால் பயனுள்ளது. பதிவுப் புத்தகத்தைக் காருக்குள் வைக்காதீர்கள். என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். வாசலில் ஒரு விளக்கு எரியட்டும். மின்கட்டணத்துக்கு அஞ்சிப் பங்கு இல்லத்து விளக்கை அணைத்து வைத்த நாம், நம் ஜீப்பின் பேட்டரியை இழந்திருக்கிறோம்.

காரில் ஆணியால் கீறுவதும் டயரின் காற்றைப் பிடுங்குவதும் வேறு வகை. அவற்றைச் செய்பவன் பெரும்பாலும் அயலூர்த் திருடன் அல்லன். ஓர் அன்பிய கூட்டத்தில் இத்தகைய முறையீடு வந்தது. நாம் நேரில் சென்று பார்த்தோம். குறுகிய சந்தில் கார் நிற்க, அண்டை வீட்டுப் பெண்கள் குடத்தோடு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து சென்றனர். கீறியவன் செய்தது குற்றமே. எனினும், காரை நான்கு அடி தள்ளி நிறுத்தச் செய்தோம். பின்னர்க் கீறல் விழவில்லை. அடுத்த வீட்டாரோடு பேச்சு முறிந்த தெருவில் எந்தக் கேமராவும் நெடுநாள் உதவாது என்பது நம் எண்ணம்.

இவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலியின்போது தெருவுக்கு இருவர் வீட்டில் தங்கிக் காவல் இருப்பதென முடிவு செய்துள்ளோம். விருப்பமுள்ளோர் தத்தம் அன்பியப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுக்கவும். தங்குவோர் காலை எட்டு மணித் திருப்பலிக்கு வந்தால் போதும். அவர்களுடைய கடன் குறைவின்றி நிறைவேறும்.